வண்டியின் கண்ணுக்கும் நீர் வேண்டும்

கண்ணில் ஒரு தூசி விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? நாம் ஒன்றும் செய்வதில்லை. கண்ணே தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இமை படபடக்கிறது, நீர் சுரக்கிறது, தூசி ஓரத்திற்கு வந்து சேர்கிறது. நீர் சுரக்காமல் இமை மட்டும் படபடத்தால் என்னவாகும்? அந்தத் தூசியே கண்ணைக் கீறிப் புண்ணாக்கிவிடும்.

மோட்டார் வண்டிக்கும் இப்படி ஒரு கண் உண்டு. ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடியே அந்தக் கண். அதைத் துடைக்கும் வைப்பர்தான் இமை. கண்ணாடியின் மீது நீரைத் தெளிக்கும் வாஷர்தான் கண்ணீர். (வாஷர் என்றதும் போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே போடும் வட்டத் தகட்டை யாரும் நினைத்துவிட வேண்டாம். இது வேறு.) அந்தக் கண்ணீர் வற்றிப்போனால் என்ன நேரும் என்பதையும், அதை மீண்டும் சுரக்கச் செய்வது எப்படி என்பதையும் நாங்கள் கண்டறிந்தபடி இங்கே எழுதுகிறோம்.

மார்கழிக் காலையில் நடந்தது

செந்துறை வட்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் எங்களில் பலர் வேனில்தான் பள்ளிக்கு வருகிறோம். சென்ற மார்கழியில் ஒரு நாள். இரவெல்லாம் பெய்த பனியில் சாலையோரப் புற்கள் நனைந்திருந்தன. எதிரே இளவெயில் நேராகக் கண்ணில் அடித்தது. எங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னே எழுந்த வெண்புழுதி, பனி ஈரம் காயாத எங்கள் வேனின் கண்ணாடியில் மாவு பூசினாற்போல் படிந்தது.

ஓட்டுநர் அண்ணன் வாஷரை அழுத்தினார். நீர் வரவில்லை. வைப்பரை ஓடவிட்டார். அவ்வளவுதான்! இருந்த கொஞ்ச வழியும் மறைந்து, கண்ணாடி முழுவதும் வெள்ளைக் குழம்பாகிவிட்டது. அதன்மீது வெயில் பட்டதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது போல் இருந்தது.

“எல்லாரும் கெட்டியாப் புடிச்சுக்குங்க பாப்பா” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கவாட்டு ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தபடியே வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்க் கண்ணாடியில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினார். வெள்ளை கரைந்து இறங்கியதும் நாங்கள் கண்டது இதுதான்: வேனுக்குப் பத்தடி முன்னால், அதே இடது ஓரத்தில், ஒரு பாட்டி இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமக்குப் பின்னால் என்ன வந்து நின்றது என்பது அவருக்குத் தெரியாது.

வேனில் யாரும் பேசவில்லை. பள்ளி வாயிலில் இறங்கும்போது ஓட்டுநர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு வாரமாவே தண்ணி வரல பாப்பா. சின்ன விஷயந்தானே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

சின்ன விஷயமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 11 மீட்டர் ஓடிவிடும். மூன்றே வினாடி கண் மறைந்தால் 33 மீட்டர். அதாவது நம் வகுப்பறைகள் நான்கைந்தை வரிசையாக வைத்த நீளத்திற்கு, ஓட்டுநர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று பொருள். அந்த நீளத்திற்குள் ஒரு பாட்டி இருக்கலாம். மிதிவண்டியில் வரும் நம் தோழி இருக்கலாம்.

அன்று மாலையே தலைமை ஆசிரியைச் சகோதரியின் அனுமதி பெற்று, இயற்பியல் ஆசிரியையும் ஓட்டுநர் அண்ணனும் உடனிருக்க, வேனின் பானட்டைத் திறந்து பார்த்தோம்.

கருவி வேலை செய்யும் விதம்

பழுது பார்ப்பதற்கு முன் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? வாஷரில் ஐந்து உறுப்புகள் உள்ளன.

முதலாவது, நீர்த்தொட்டி. பானட்டுக்கு அடியில் ஓர் ஓரமாக இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி இது. கார்களில் பெரும்பாலும் சில லிட்டர் நீர் பிடிக்கும். இதன் மூடியில் கண்ணாடியும் நீர்த்தாரையும் வரைந்த படம் இருக்கும்.

இரண்டாவது, மோட்டார் பம்பு. நம் கட்டை விரலைவிடச் சற்றுப் பெரியது. தொட்டியின் அடிப்பாகத்தில் செருகியிருக்கும். உள்ளே ஒரு சிறு சக்கரம் வேகமாகச் சுழன்று நீரைத் தள்ளுகிறது. கிணற்று மோட்டாரில் நடப்பதும் இதுவே. பம்பைத் தொட்டியின் அடியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இச்சிறு பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத்தான் நன்றாகத் தெரியும். காற்றை இழுத்து நீரை மேலேற்றத் தெரியாது. ஆகவே நீர் தானே அதற்குள் இறங்கி நிற்க வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் குழாய். பம்பிலிருந்து பானட்டின் அடியாக மேலே ஏறி, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவிலான ஓர் இணைப்பில் இரண்டாகப் பிரியும். பல வண்டிகளில் வழியில் ஒரு வால்வும் உண்டு. நீரை முன்னே விடும்; பின்னே திரும்ப விடாது. அதனால்தான் அழுத்தியவுடன் நீர் பீறிடுகிறது.

நான்காவது, நாசில் என்னும் தெளிப்பு முனை. இதன் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். குழாயின் முனையைக் கட்டை விரலால் அடைத்துப் பிடித்தால் தண்ணீர் தூரமாகப் பாய்கிறதல்லவா? துளை சிறிதாக இருப்பதன் பயனும் அதுவே.

ஐந்தாவது, மின்சுற்று. பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகவும், ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்சு வழியாகவும் மோட்டாருக்கு மின்சாரம் வந்து, எர்த் வயர் வழியாக வண்டியின் உடலுக்குத் திரும்புகிறது. கார்களிலும் சிறு வேன்களிலும் 12 வோல்ட்டு. பெரிய பேருந்து, லாரிகளில் 24 வோல்ட்டு.

முதல் கேள்வி: ஓசை வருகிறதா?

நோயாளியைக் கண்டதும் மருத்துவர் நாடி பார்க்கிறார். வாஷருக்கும் நாடி உண்டு. அதுதான் மோட்டாரின் ஓசை.

அதற்கும் முன்னால் ஒன்று. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். நீர் வராத வாஷர்களில் பல, நீர் இல்லாத வாஷர்களே. தொட்டியில் நீர் ஊற்றியும் அது மட்டம் குறைந்துகொண்டே போனால், தொட்டியில் வெடிப்போ, பம்பு செருகியிருக்கும் இடத்து ரப்பர் வளையத்தில் கசிவோ இருக்கிறது. வண்டியை ஓர் இரவு நிறுத்திவைத்துக் காலையில் அடியில் ஈரம் உண்டா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நீர் இருக்கிறது என்று உறுதியானதும், எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி, ஒருவர் உள்ளே வாஷரை அழுத்த, மற்றொருவர் வெளியே தொட்டியின் அருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். ‘ஙீ...’ என்று வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசை வந்தால் மோட்டார் சுழல்கிறது. குற்றம் நீர்வழியில் இருக்கிறது. ஓசையே இல்லையென்றால் குற்றம் மின்வழியிலோ மோட்டாரிலோ இருக்கிறது. இந்த ஒரே கேள்வியால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கணக்குப் பாடத்திலும் இது பயன்படும் முறை என்று ஆசிரியை சொன்னார்.

எங்கள் வேனில் ஓசை வந்தது.

ஓசை வந்து நீர் வராவிட்டால்

இப்போது நீர் போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும். முதலில் குழாயைக் கண்ணால் பின்தொடருங்கள். எங்கேனும் கழன்றிருக்கிறதா, மடங்கி நசுங்கியிருக்கிறதா, வெயிலில் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். எலிக்கு ரப்பர் என்றால் விருப்பம். கதகதப்பான பானட்டுக்கு அடியில் வந்து தங்கிக் குழாயைக் கடித்து வைக்கும். வாஷரை அழுத்தும்போது வண்டிக்கு அடியில் நீர் கொட்டினால், கழன்றதோ கடிபட்டதோ ஒன்று உண்டு என்று கொள்ளலாம். வெடித்த குழாயைத் துணி சுற்றி ஒட்டுப் போடுவதைவிட, அதே அளவுள்ள புதுக்குழாய் போடுவதே நல்லது. விலை அதிகமில்லை.

குழாய் சரியாக இருந்தால், நாசிலுக்குச் சற்று முன்னால் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு குவளைக்குள் பிடித்துக்கொண்டு வாஷரை அழுத்தச் சொல்லுங்கள். குவளையில் நீர் வேகமாக விழுந்தால் அதுவரை வழி தெளிவு; அடைப்பு நாசிலில்தான். குவளையில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ விழாவிட்டாலோ, அடைப்பு பின்னால் இருக்கிறது. அப்போது ‘டி’ இணைப்புக்கு முன்னால் கழற்றிப் பாருங்கள். பிறகு பம்பின் வாயிலேயே கழற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் நீர் வருகிறதோ அந்த இடத்திற்கும், வராத இடத்திற்கும் நடுவேதான் குற்றவாளி ஒளிந்திருக்கிறான்.

பம்பின் வாயிலும் நீர் வராமல் ஓசை மட்டும் வந்தால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொட்டி வற்றிக் கிடந்ததால் பம்புக்குள் காற்று புகுந்திருக்கலாம். தொட்டியை நிரப்பிச் சற்றுப் பொறுத்து, விட்டுவிட்டு அழுத்தினால் நீர் வந்துவிடும். மற்றொன்று, பம்பு தொட்டியில் சேரும் இடத்தில் உள்ள சிறு சல்லடையில் பாசியும் சேறும் அடைத்திருக்கலாம். தொட்டியைக் கழுவிச் சல்லடையைத் துலக்க வேண்டும்.

எங்கள் வேனில் குவளைச் சோதனையில் நீர் வந்தது; ஆனால் மெலிந்து வந்தது. ஆகவே எங்களுக்கு இரண்டு குற்றவாளிகள் அகப்பட்டனர். தொட்டியின் அடியில் பச்சைப் பாசி வழவழவென்று சல்லடையை மூடியிருந்தது. நாசிலின் இரு துளைகளிலோ பல்லில் படிந்த காரைபோல் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது.

பழைய கடல் செய்த குறும்பு

அந்த வெள்ளை என்ன? ஓட்டுநர் அண்ணன் தொட்டியில் என்ன நீர் ஊற்றுவார் என்று கேட்டோம். “போர் தண்ணிதான். வேற என்னத்த ஊத்துறது?” என்றார். விடை அதில்தான் இருந்தது.

நாம் வாழும் அரியலூர்ப் பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் நத்தை போன்ற உயிர்களின் புதைவடிவங்களை இன்றும் இங்கே காணலாம். அக்கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அதனால்தான் இங்கே இத்தனை சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கின்றன.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாக நிலத்தடி நீரில் சேர்க்கிறது. இதுவே கடின நீர். இந்நீர் சூடேறினாலும் வற்றினாலும் கரியமில வாயு வெளியேறி, சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகப் படிகிறது. வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதுவே.

வாஷரை ஒவ்வொரு முறை அழுத்திய பின்னும் நாசிலின் முனையில் ஒரு துளி நீர் தங்குகிறது. எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் அது காய்கிறது. காய்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சுண்ணாம்பு தங்குகிறது. ஒரு மில்லிமீட்டர்த் துளையை அடைக்க எத்தனை நாள் வேண்டும்? சாலையில் கண்ணாடியை மறைத்ததும் சுண்ணாம்பு. அதைக் கழுவ வந்த நீரைத் தடுத்ததும் சுண்ணாம்பு! பழைய கடல் எங்களோடு நன்றாகத்தான் விளையாடியிருக்கிறது.

அடைப்பை நீக்கிய விதம்

முதலில் மெல்லிய ஊசியால் துளையை மெதுவாகக் கிளறினோம். இதில் அவசரம் கூடாது. ஊசி உள்ளே ஒடிந்தால் நாசிலையே மாற்ற வேண்டிவரும். வலிந்து குத்தினால் துளை பெரிதாகி நீரின் வேகம் போய்விடும். பிறகு சமையலறையில் பயன்படும் வினிகரைச் சில துளி விட்டுக் காத்திருந்தோம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. சிறு நுரை எழும். அந்த நுரை கரியமில வாயுவே. ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனையை வேனின் மேல் கண்டதில் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. முடிந்ததும் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும். அமிலம் பெயிண்டில் தங்கக் கூடாது.

எங்கள் வேனில் இல்லாவிட்டாலும் மற்றொன்றையும் சொல்லிவைக்கிறோம். பல நாள் நிற்கும் வண்டிகளில் எறும்பும் சிறு பூச்சிகளும் நாசில் துளைக்குள் மண்ணை அடைத்துவிடுவதுண்டு. அதற்கும் ஊசியே மருந்து.

துளை திறந்ததும் நீர் பாய்ந்தது. ஆனால் ஒரு பக்கத்து நீர் கண்ணாடியைத் தாண்டிக் கூரையில் விழுந்தது. பல நாசில்களின் முனை குண்டுமணிபோல் அசையக்கூடியது. ஊசியைத் துளையில் வைத்து மெல்லத் திருப்பினால் நீர் விழும் இடம் மாறும். கண்ணாடியின் நடுவிலோ சற்று மேலேயோ விழுமாறு வைப்பது நன்று. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைச் சிறிது மாற்றும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஓசையே வராவிட்டால்

இப்போது மின்வழி. இதில் கை வைக்கும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்க வேண்டும்.

முதலில் பியூஸ். டேஷ்போர்டின் அடியிலோ எஞ்சின் அருகிலோ உள்ள பெட்டியின் மூடியில் எந்தப் பியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். பல வண்டிகளில் வைப்பருக்கும் வாஷருக்கும் ஒரே பியூஸ். இரண்டுமே ஓடவில்லையென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். உள்ளே உள்ள மெல்லிய கம்பி அறுந்திருந்தால், அதே ஆம்பியர் அளவுள்ள புதிய பியூஸ் போட வேண்டும். பெரிய அளவுள்ளதைப் போடுவதும், வெறும் கம்பியைச் சுற்றி வைப்பதும் மிகவும் ஆபத்து. பியூஸ் என்பது காவற்காரன். காவற்காரனை அனுப்பிவிட்டால் வயரே தீப்பிடிக்கும். புதிய பியூசும் உடனே போய்விட்டால், எங்கோ வயர் உரசுகிறது, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. மெக்கானிக்கிடம் போவதே அறிவுடைமை.

பியூஸ் நன்றாக இருந்தால், மோட்டாரில் செருகியுள்ள இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் துலக்கிச் செருகினாலே போதும். பல நேரங்களில் நோய் தீர்ந்துவிடும். தீராவிட்டால், அந்த இணைப்பின் இரு முனைகளுக்கும் நடுவே சோதனை விளக்கை வைத்து வாஷரை அழுத்தச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் செத்துவிட்டது. எரியாவிட்டால், விளக்கின் ஒரு முனையை மின்சாரம் வரும் வயரிலும் மறுமுனையை வண்டியின் வெற்று உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். இப்போது எரிந்தால் எர்த் அறுந்திருக்கிறது. இப்போதும் எரியாவிட்டால் சுவிட்சிலோ வயரிலோ பழுது இருக்கிறது.

மோட்டார் மெலிதாக முனகிவிட்டு நின்றால், உள்ளே அழுக்கு அடைத்துச் சக்கரம் இறுகியிருக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நீர் வரவில்லையே என்று சுவிட்சை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. நீரே அந்தப் பம்புக்கு எண்ணெயும் குளிர்ச்சியும் ஆகும். வெறுமனே ஓடினால் அது விரைவில் கெட்டுவிடும்.

எந்த நீரை ஊற்றுவது?

நம் ஊருக்கு ஏற்ற விடை மழைநீர். வானத்திலிருந்து விழும் நீரில் சுண்ணாம்பு இல்லை. சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றலாம். ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரும் நல்லது. ஆனால் அக்கருவி கழித்துத் தள்ளும் நீரை ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்பும் உப்பும் அதில்தான் மிகுந்திருக்கும்.

வெறும் நீரோடு கடையில் விற்கும் வாஷர் திரவத்தை, அதன் பாட்டிலில் சொன்ன அளவில் கலப்பது நன்று. இது அழுக்கை நீக்குவதற்கு மட்டுமன்று. தேங்கிய வெறும் நீரில் பாசியும் கிருமிகளும் வளரும். வாஷர் நீரில் எதுவும் கலக்காத ஓட்டுநர்களுக்கு லெஜியனேர் என்னும் கடும் நுரையீரல் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2010-இல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. அதே நேரத்தில் சில வாஷர் திரவங்களில் மெத்தனால் என்னும் நஞ்சு உண்டு. ஆகவே குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

துணி துவைக்கும் சோப்புத்தூள் வேண்டாம். நுரை மிகுந்து கண்ணாடியை மறைக்கும். சாதாரணச் சோப்போ கடின நீரோடு சேர்ந்து பிசினாகித் துளையை அடைக்கும். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்டையும் வாஷர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. கண்ணாடியில் வழவழப்பாகப் படியும்.

காய்ந்த துடைப்பின் தீங்கு

நீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் என்ன தீங்கு? தாதுக்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட்டின் எண் 3. கண்ணாடியின் கடினம் 5-க்கும் 6-க்கும் நடுவே. ஆகவே சுண்ணாம்புத் தூசி கண்ணாடியைக் கீறாது. ஆனால் சாலைப் புழுதியில் மணலும் கலந்திருக்கிறது. மணலில் உள்ள குவார்ட்சின் எண் 7. அது கண்ணாடியைக் கீறிவிடும். பகலில் அக்கீறல்கள் தெரியா. இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி பட்டால், வலை விரித்தாற்போல் மினுங்கிக் கண்ணைக் கூசச் செய்யும்.

சிமெண்ட் தூசியாக இருந்தாலோ நீர் பட்டதும் குழைந்து, காய்ந்ததும் இறுகும். ஆகவே இரண்டு துளி நீர் தெளித்துத் துடைப்பது துன்பத்தை வளர்க்கும். தெளித்தால் தாராளமாகத் தெளிக்க வேண்டும்.

நடுவழியில் கண்ணாடி மறைந்துவிட்டால், வைப்பரைப் போடாமல், வேகத்தைக் குறைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, இடப்பக்கமாக மெதுவாக நிறுத்த வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பருத்தித் துணியும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். முதலில் நீரை ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள்.

வைப்பரைக் கண்டவர் ஒரு பெண்மணி

நாங்கள் வேனைச் சுற்றி நின்றபோது வழியே போன ஒருவர், “பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு இதன் மூலம் விடை சொல்கிறோம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் நகரில் டிராம் வண்டியில் சென்றார். கண்ணாடியில் பனி படிந்ததால் ஓட்டுநர் ஜன்னலைத் திறந்து, குளிரில் நடுங்கியபடியே வழி பார்த்து ஓட்டினார். வண்டியின் உள்ளிருந்தே கைப்பிடியால் இயக்கக்கூடிய ரப்பர்த் துடைப்பானை மேரி ஆண்டர்சன் வடிவமைத்தார். 1903 நவம்பர் 10-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1905-இல் அதை விலைக்குக் கொடுக்க முன்வந்தபோது, கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதற்கு வியாபார மதிப்பில்லை என்று மறுத்துவிட்டது. 1917-இல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற மற்றொரு பெண்மணி மின்சாரத்தால் இயங்கும் துடைப்பானுக்குக் காப்புரிமை பெற்றார். மேரி ஆண்டர்சனின் காப்புரிமை 1920-இல் முடிந்துபோயிற்று. அதன் பின்னரே வைப்பர் எல்லா வண்டிகளிலும் பரவியது. அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. 2011-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், முன்கண்ணாடியுள்ள வண்டிக்கு நன்கு இயங்கும் வைப்பர் இருக்க வேண்டும் என்கின்றன. இமையைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. கண்ணீரை நாம்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிவாக

அன்று எங்களுக்கு ஆன செலவு ஓர் ஊசி, ஒரு கரண்டி வினிகர், ஒரு குவளை, முக்கால் மணி நேரம். கடைக்குப் போகவில்லை, எதையும் வாங்கவில்லை. இரண்டு வாரமாக ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்ட வேலை அது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வேனுக்குக் கண் கெடவிருந்ததும் சூரியனுக்கு எதிரிலேதான். பத்தடி இடைவெளி எங்களைக் காத்தது. இல்லை, வண்டியை உடனே நிறுத்தத் துணிந்த ஓட்டுநர் அண்ணனின் நிதானம் காத்தது.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு வண்டியில் வாரம் ஒரு நாள் தொட்டியைத் திறந்து பாருங்கள். தோழியரே, அதை நீங்களே செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

அந்தப் பாட்டியை இப்போதும் அதே சாலையில் காண்கிறோம். ஆடுகள் மூன்றாகிவிட்டன. நாங்கள் கையசைத்தால் அவரும் கையசைக்கிறார். ஏன் அசைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வேனில் ஏறியதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, தண்ணி வருதா?” என்பதுதான். அவர் பதில் பேசுவதில்லை, சுவிட்சை அழுத்துகிறார். இரண்டு நீர்த்தாரைகள் எழுந்து கண்ணாடியில் விழுகின்றன. வைப்பர் ஒரு முறை போய் வருகிறது. எதிரே சாலை தெளிவாகத் தெரிகிறது. அதன் பிறகே வண்டி புறப்படுகிறது.

— பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியர்